சுல்தானுக்கு நெத்திலி

பூனையைக் கொல்லும் எண்ணமெல்லாம் பானுப்பிரியாவுக்கு இல்லை. அதைக் குண்டாக்க வேண்டும். அவ்வளவுதான்.

நடந்தால் வயிறு தரையைப் பெருக்க வேண்டும். மேடையில் தூக்கி வைத்தால் மாவு மூட்டை மாதிரி சரிய வேண்டும். நசரத்பேட்டைக் கல்யாண மண்டபத்தில் நடக்கப்போகும் பூனைக் கண்காட்சியில், அத்தனை பேர் முன்னால், நடுவர் உதட்டைப் பிதுக்கி, "இதை யாரும்மா கொண்டு வந்தது?" என்று கேட்க வேண்டும். நிவேதிதா தலைகுனிந்து நிற்பதைக் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அதற்காகத்தான் தினமும் காலையில் அந்தத் தட்டு. குழைந்த சோறு, அதில் ஒரு கரண்டி நெய், மேலே வறுத்துப் பொடித்த நெத்திலிக் கருவாடு.

முகப்பேர் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இரண்டாவது மாடி. பானுவின் சமையலறை ஜன்னலும் பக்கத்து வீட்டு நிவேதிதாவின் சமையலறை ஜன்னலும் ஒரே சுவரில் இருந்தன. வெளியே இரண்டையும் சேர்த்தபடி ஒரு சிமெண்ட் சன்ஷேடு. நிவேதிதா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்ததும், அவள் பூனை சுல்தான் ஜன்னல் கம்பி வழியாக வெளியே வரும். சன்ஷேடில் அன்னநடை போட்டு வரும். தட்டைத் துடைத்துவிட்டுப் போய்விடும்.

"துன்னுடா ராஜா" என்பாள் பானு. "நல்லா துன்னு."

அந்தக் குரலில் பாசம் இல்லை.

பாசம் எல்லாம் வேறொரு பூனையோடு போய்விட்டது. அதன் பெயர் பொட்டு, பெண் பூனை. வெள்ளை உடம்பு, நெற்றியில் மட்டும் மை வைத்தாற்போல ஒரு கறுப்பு. மாடிப்படியில் கண் திறக்காமல் கிடந்ததை எடுத்து வந்து, பஞ்சில் பால் தோய்த்து வளர்த்தாள் பானு. அவளுக்குக் குழந்தை இல்லை. அந்தக் குறைக்குத்தான் பூனை என்று யாராவது உச்சுக் கொட்டினால் சீறுவாள். "பூனை பூனைதாம்மா. எனக்குப் புடிச்சிது, வளக்கறேன். உனுக்கு இன்னா?"

பொட்டுக்கும் நெத்திலி என்றால் உயிர். அங்கேதான் வம்பு ஆரம்பித்தது.

நிவேதிதா சேலத்துப் பெண். ஐ.டி. வேலை, கணவன் பிரசன்னாவும் அப்படியே. சுத்த சைவம். குடிவந்த சூட்டோடு குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனாள். முதல் அறிவிப்பே குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் இப்படி வந்தது: 'படிக்கட்டு முழுவதும் கருவாட்டு வாடை. சம்பந்தப்பட்டவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைக்கவும்.' அடுத்தது: 'மாடிப்படியில் பூனை முடி. சுகாதாரக் கேடு. உடனடி நடவடிக்கை தேவை.'

ஒரு காலையில் பொட்டு இல்லை.

மொட்டை மாடி, சாக்கடை ஓரம், பள்ளிக்கூடத்துப் பின்சந்து என்று பானு தேடாத இடம் இல்லை. கடைசியில் அவள் புருஷன் டில்லிபாபுதான் விஷயத்தைச் சொன்னான்.

"அந்தச் செகரட்டரி அம்மா ஆளு வெச்சுப் புடிச்சிகினு போச்சாம் மே. சாக்குல போட்டு."

பானு அப்போதே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். டில்லிபாபு கதவை மறித்து நின்றான்.

"போய் இன்னான்னு கேப்ப? இல்லன்னுதான் சொல்லும். இப்பதான் பெரிய கிரைண்டருக்குச் சங்கத்துல கையெழுத்து வாங்கிகீறேன். நம்ம இட்லி மாவு யாவாரம் அந்தம்மா கையில கீது. வாயத் தொறக்காத."

பானு வாயைத் திறக்கவில்லை. ராத்திரிகளில் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடிந்த இடத்தில் வேறொன்று முளைத்தது.

இரண்டு மாதம் போயிருக்கும். நிவேதிதா ஆவடியிலிருந்து ஒரு கூடையோடு காரில் வந்து இறங்கினாள். கூடைக்குள் பூனை.

பூனை முடி சுகாதாரக் கேடு என்றவள் வீட்டில், சோபா முழுக்கப் பூனை முடி!

அன்று தீர்மானித்தாள் பானு. எனக்குச் செய்ததை உனக்குச் செய்ய மாட்டேன். உன் பூனையை வைத்தே உன்னைச் செய்வேன்.

சுல்தான் என்ன ஜாதி என்பதில் குடியிருப்பே இரண்டுபட்டது. கீழே கார் நிறுத்தும் இடத்தில் ஒரு மாலையில் அதை மடியில் வைத்துக்கொண்டு நிவேதிதா பாடமே நடத்தினாள்.

"மெயின் கூன் சார். அமெரிக்கன் ப்ரீட். வாலைப் பாருங்க. காதுக்குள்ள முடியைப் பாருங்க."

தரைத்தளத்து சுப்பராயன், ரிட்டயர்ட் ஆசாமி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். "கழுத்தைப் பாத்தா பெர்சியன் மாதிரி இருக்கேம்மா?"

"பெர்சியனுக்கு மூக்கு சப்பையா இருக்கும் சார்."

"எங்க ஊர்க் கோயில் மடப்பள்ளியில ஒண்ணு அச்சு அசல் இப்படியேதான் இருந்தது. பொங்கல் தின்னே பெருத்தது."

நிவேதிதா சிரிக்கவில்லை. போனை எடுத்தாள். படம் பிடித்தால் இனத்தைச் சொல்லும் ஆப் ஒன்று அதில் இருந்தது. முதல் படத்துக்கு நார்வே நாட்டுக் காட்டுப் பூனை என்றது. பக்கவாட்டில் எடுத்தாள், சைபீரியா என்றது. வாலைத் தூக்கிப் பிடித்து எடுத்தாள்; மெயின் கூன் என்றது. அந்தப் படத்தை மட்டும் சேமித்துக்கொண்டாள்.

"இன்னும் நாலு எடுத்தா புலின்னும் சொல்லும் போல கீதே மேடம்" என்றாள் பானு.

எல்லாரும் சிரித்தார்கள். நிவேதிதாவின் முகம் சுருங்கியது. பானுவுக்கு அன்று ஒரு டம்ளர் மோர் குடித்த மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் எடை பார்க்கும் சடங்கு. சுல்தானைத் தூக்கிக்கொண்டு நிவேதிதா மெஷினில் ஏறுவாள். அப்புறம் அதை இறக்கிவிட்டுத் தனியாக ஏறுவாள். இதிலிருந்து அதைக் கழிப்பாள். மாவு பாக்கெட் கொடுக்கிற சாக்கில் பானு வாசலில் நிற்பாள்.

"மறுபடியும் ஏறியிருக்கான் பானு! டயட் ஃபுட் கப்புல அளந்துதான் போடறேன். என்ன மாயம்னே தெரியல."

"ஒசந்த ஜாதியாச்சே மேடம். பெருசாத்தான் வரும்."

"அதுவும் சரிதான். மெயின் கூன் எட்டு கிலோ கூடப் போகுமாம்." நிவேதிதா தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். "ஆனா ஷோவுல வயித்தைத் தொட்டுப் பாப்பாங்களாம். விலா எலும்பு கைக்குத் தட்டணுமாம்."

பானு சுல்தானின் விலாவைத் தடவிப் பார்த்தாள். எலும்பு எங்கே? இட்லி மாவு மாதிரி கை உள்ளே போனது.

"தட்டுது மேடம்" என்றாள். "நல்லாவே தட்டுது."

எல்லாவற்றையும் யோசித்த பானு ஒன்றை யோசிக்கவில்லை. கண்காட்சி புரட்டாசியில் வருகிறது.

ஆவணி முடிந்த அன்று வழக்கம்போல வீட்டைக் கழுவிவிட்டார்கள். மீன் சட்டி பரணுக்குப் போனது. கருவாட்டு டப்பா நொளம்பூரில் இருக்கும் சிநேகிதி வீட்டுக்குப் போனது. டில்லிபாபு துளசி மாலை போட்டுக்கொண்டு மஞ்சள் வேட்டிக்கு மாறினான். பெருமாள் மாதம் முழுக்க அந்த வீட்டில் கவுச்சி ஏறாது. பூனைக்காகக் கூட ஏறாது. பழி வாங்குவதற்காகக் கூட ஏறாது.

முதல் நாள் சுல்தான் வந்தது. வெறும் நெய்ச்சோற்றை முகர்ந்தது. பானுவை ஒரு பார்வை பார்த்தது. திரும்பிப் போய்விட்டது.

"மாசம் முடியட்டுண்டா, போடறேன்" என்றாள் பானு. அவளுக்குக் கவலை இல்லை. ஏற்றவேண்டியதை ஏற்றியாயிற்று, கண்காட்சி வரை தாங்கும்.

அடுத்து வந்த நாட்களில் சுல்தான் ஜன்னலில் உட்கார்ந்து கத்தியது. அப்புறம் கத்தாமல் உட்கார்ந்தது. அப்புறம் வரவே இல்லை.

நிவேதிதா குழுவில் செய்தி போட்டாள்: 'சுல்தான் டயட் சக்ஸஸ்! வெச்ச சாப்பாட்டை அப்படியே விட்டுடறான். என்ன ஒரு கன்ட்ரோல்!' கீழே கைதட்டும் பொம்மைகள் வரிசை கட்டின.

பானு அதைப் படித்தாள். மனசில் எங்கோ ஒரு முள் தைத்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசி களைய எழுந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை. பெருமாளுக்குத் தளிகை போட வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். அழைப்பு மணி விடாமல் அடித்தது. வாசலில் நிவேதிதா. கையில் கூடை. கண்ணெல்லாம் சிவப்பு.

"பானு, கொஞ்சம் கூட வர்றீங்களா? பிரசன்னா பெங்களூர்ல இருக்கார். சுல்தான் எழுந்திரிக்கவே மாட்டேங்கறான்."

பானு கூடைக்குள் பார்த்தாள். கொழுத்த உடம்பு அப்படியேதான் இருந்தது. அதற்குள் இருந்த பூனைதான் எங்கோ போய்க்கொண்டிருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள்.

டாக்டர் குணசேகரன் சுல்தானின் காதை மடித்து வெளிச்சத்தில் பார்த்தார். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். முகம் மாறியது.

"எத்தனை நாளா சாப்பிடல?"

"டயட்ல இருக்கான் டாக்டர்."

"டயட் நீங்க இருங்க. பூனையைப் பட்டினி போடக் கூடாது. அதுவும் குண்டுப் பூனை. சாப்பாடு நின்னா உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரல்ல வந்து இறங்கும். காதைப் பாருங்க, மஞ்சளாயிடுச்சு."

"மெயின் கூனுக்கு இந்த வெயிட் நார்மல்னு..."

"யார் சொன்னா மெயின் கூன்னு?" டாக்டருக்குக் கோபம் வந்தேவிட்டது. "நம்ம தெருப் பூனைம்மா இது. முன்னால எதோ ஒரு தலைமுறையில பெர்சியன் கலந்திருக்கும், முடி மட்டும் வந்திருக்கு. எலும்பைத் தொட்டுப் பாருங்க, எவ்வளவு சின்னது. இதுல பாதி எடைதான் இது தாங்கும். வேற எதோ பூனையோட எடையை இது தலையில கட்டியிருக்கீங்க."

பானு இத்தனை நாளாகக் கேட்க ஏங்கிய வார்த்தைகள். மண்டபம் இல்லை, மேடை இல்லை. நிவேதிதா தலைகுனிந்து நின்றாள். பார்க்க இனிக்கவில்லை.

"இன்னொண்ணு" என்றார் டாக்டர். "நீங்க அளந்து போடற சாப்பாட்டுல இப்படி ஏறாது. வேற யாரோ போட்டிருக்காங்க. அது நின்னதும் இதுவும் நிறுத்திடுச்சு."

"யாரு டாக்டர் போடுவாங்க?"

பானு சுவரில் இருந்த நாய்க்குட்டிப் படத்தைப் பார்த்தாள்.

குளுக்கோஸ் ஏற்றி, ஊசி போட்டு அனுப்பினார் டாக்டர். "சாயங்காலத்துக்குள்ள தானா வாய் வெச்சுதுன்னா வழி இருக்கு. இல்லன்னா மூக்குல குழாய் விடணும். அதைத் தாங்குமான்னு எனக்கே சந்தேகம். இதுக்கு உயிரா இருக்கற சாப்பாடு எதுன்னு கண்டுபிடிங்க."

வெளியே வேப்பமரத்தடியில் ஆட்டோவுக்கு நின்றார்கள். நிவேதிதா கூடையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். "அது எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று தனக்குத் தானே புலம்பினாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள் பானு.

நிவேதிதா நிமிர்ந்தாள்.

"நான்தான் போட்டேன். ஷோவுல உன் மானம் போவணும்னு போட்டேன்." 'மேடம்' என்ற மரியாதை எங்கோ காணாமல் போயிருந்தது. "இன்னா போட்டேன்னு சொல்றேன். மொதல்ல நீ சொல்லு. பொட்டு எங்க?"

"பொட்டா? யாரு?"

"பேரு கூடத் தெரியல, இல்ல? என் பூனை. ஆளு உட்டு சாக்குல போட்டு இஸ்துகினு போனியே, அது."

"நானா?" நிவேதிதாவின் முகத்தில் நிஜமான திகைப்பு. "உங்க வீட்டுக்காரர்தானே கொண்டு போய் விட்டார்?"

"பொய் சொன்ன, உன் பூனை இந்தக் கூடையிலயே போவும்."

"பொய் சொல்ற நிலைமையிலயா இருக்கேன் நான்? பெரிய கிரைண்டருக்கு அனுமதி கேட்டு வந்தார். ஏற்கெனவே பூனையால கம்ப்ளெயின்ட், இதுல கிரைண்டர் சத்தமும் வேணுமா, ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணுங்கன்னேன். சொன்னேன், இல்லைங்கல. மறுநாளே வந்து, 'கிளியர் பண்ணிட்டேன் மேடம், கையெழுத்துப் போடுங்க'ன்னார்."

"போட்டியா?"

"...போட்டேன்."

ஒரு தண்ணீர் லாரி அவர்களைக் கடந்து போனது. பானுவின் காதில் டில்லிபாபுவின் குரல்தான் கேட்டது. ஆளு வெச்சுப் புடிச்சிகினு போச்சாம் மே. வாயத் தொறக்காத. அந்த வாயும் அந்த மஞ்சள் வேட்டியும் கண்முன் வந்தன.

கூடைக்குள்ளிருந்து நூல் மாதிரி ஒரு சத்தம். சுல்தான்.

இவளை இப்படியே விட்டுவிட்டு நடையைக் கட்டினால் என்ன? ரெண்டில் ஒன்று என்று நாக்கைச் சுழற்றியவள்தானே? சாயங்காலம் வரை சும்மா இருந்தால் போதும். கணக்குத் தீர்ந்துவிடும்.

பானு கூடைக் கம்பி வழியாக ஒரு விரலை உள்ளே விட்டாள். உலர்ந்த மூக்கு அந்த விரலை முகர்ந்தது. முகர்ந்துவிட்டு நக்கியது.

"நெத்திலிக் கருவாடு" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "வழியில கடை கீது. வாங்கு. ஆனா என் ஊட்ல இந்த மாசம் கவுச்சி ஏறாது. உன் அடுப்புலதான்."

"எங்க வீட்லயா? நாங்க..."

"அப்ப கொழா வெச்சுக்கோ."

நிவேதிதா கருவாட்டுப் பொட்டலத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்தாள். சமையலறை வாசலில் பானு கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள்.

"நீங்க செய்ய மாட்டீங்களா?"

"விரதம். தொட மாட்டேன். தலையக் கிள்ளு. ம்ம், கையாலதான், ஸ்பூனால இல்ல. சுடுதண்ணியில அலசு, உப்புப் போவட்டும். இப்ப சட்டியில போடு."

நிவேதிதா வாயைப் புறங்கையால் பொத்திக்கொண்டு வறுத்தாள். கண்ணில் நீர் கொட்டியது. "ஜன்னலைச் சாத்தட்டுமா?"

"ஏன், படிக்கட்டுல வாடை வருமா?" என்றாள் பானு. "தொறந்தே கெடக்கட்டும்."

புரட்டாசி சனிக்கிழமை. எல்லா வீட்டிலும் துளசியும் கற்பூரமும் மணக்கிற நேரம். நெத்திலி வாடை படிக்கட்டில் இறங்கி, ஒவ்வொரு கதவாகத் தட்டியது. முதலில் சுப்பராயன் வந்தார், நெற்றியில் ஈர நாமத்தோடு. நேராகப் பானுவின் கதவைப் பார்த்து விரலை நீட்டினார். பானு நிவேதிதா வீட்டு வாசலில் தலையை நீட்டினாள்.

"ஏம்மா, உனக்கே நல்லா இருக்கா? இன்னைக்குப் போயா?"

"என் ஊட்ல வடையும் சுண்டலும் சார். நல்லா மோந்து பாருங்க, எங்கேர்ந்து வருதுன்னு."

சுப்பராயன் மோந்து பார்த்தார். பின்னால் வந்தவர்களும் பார்த்தார்கள். கரண்டியும் கையுமாக நிவேதிதா வாசலுக்கு வந்தாள். முந்தானையில் கருவாட்டுச் செதில்.

"நான்தான் சார்" என்றாள்.

நீட்டிய விரலைச் சுப்பராயன் மடக்கிக்கொண்டார். மேஜையில் அவள் போன் 'டிங்' என்றது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைக்கச் சொல்லி அவள் எழுதிய பழைய அறிவிப்பை யாரோ குழுவில் திரும்பப் போட்டிருந்தார்கள்.

பானு அதை ரசித்துக்கொண்டிருந்தபோதுதான் சுல்தானின் மீசை ஆடியது. தலை தூக்கியது. நிவேதிதா விரல் நுனியில் நீட்டிய பொடியை ஒருமுறை நக்கியது. நிறுத்தியது. மறுபடி நக்கியது. அப்புறம் சோற்றோடு ஒரு வாய்.

நிவேதிதா தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"கொஞ்சம் கொஞ்சமா குடு" என்றாள் பானு. "பொழைச்சா டாக்டர் சொல்ற மாதிரி எளைக்க வை. நெய்யி நிறுத்திடு." வாசல் வரை போய்த் திரும்பினாள். "உனுக்கு இத்தோட போதும். மீதி என் ஊட்ல கீது."

டில்லிபாபு குளித்து, பட்டையாக நாமம் இட்டு, தளிகை இலை முன்னால் சம்மணம் போட்டிருந்தான். "எங்க மே போன? பசிக்குது. வடைய வெய்யி."

பானு வடைத் தட்டோடு நின்றாள்.

"பொட்டை எங்க உட்ட?"

கை இலையிலேயே நின்றுவிட்டது. "பொட்டா? அதான் அந்தச் செகரட்டரி..."

"எங்க உட்ட?"

இரண்டாம் முறை கேட்ட குரலில் பொய்க்கு இடம் இல்லை. டில்லிபாபு துளசி மாலையைத் திருகினான்.

"வேப்பம்பட்டு. ஸ்டேஷனுக்கு அந்தாண்ட. நல்ல எடமா பாத்துதான் மே உட்டேன். யாவாரத்துக்காவத்தானே..."

"ராத்திரியெல்லாம் அழுதேனே. பக்கத்துலயே படுத்துகினு இருந்தியே, யோவ்."

டில்லிபாபு இலையை ஓரமாக நகர்த்தினான்.

"எழுந்திரு. வண்டிய எடு."

"சாப்ட்டுட்டு..."

"பொட்டு சாப்ட்டுதா?"

எழுந்தான்.

வேப்பம்பட்டில் ஸ்டேஷனைத் தாண்டி முதல் தெருமுனையில் வண்டியை நிறுத்தச் சொன்னாள் பானு. அவள் இறங்கவில்லை.

"எறங்கிக் கூப்புடு."

"தெருவுலயா? மானம் போவும் மே."

"போவட்டும்."

டில்லிபாபு தெருவுக்குள் நடந்தான். மஞ்சள் வேட்டி, துளசி மாலை, நெற்றி நிறைய நாமம். "பொட்டு... பொட்டு..." குரல் அடங்கியே வந்தது.

ஒரு கதவு திறந்தது. புரட்டாசிச் சனிக்கிழமையில் நாமம் போட்டு வீடு வீடாக அரிசி வாங்க வரும் பெருமாள் வேண்டுதல்காரன் என்று நினைத்து, ஒரு அம்மாள் முறத்தில் அரிசியோடு வந்து நின்றாள். எதிர்வீட்டிலிருந்து இன்னொருத்தி. "கோவிந்தா சொல்லுப்பா, போடறேன்" என்றாள்.

டில்லிபாபு திரும்பிப் பார்த்தான். காப்பாற்று என்று கெஞ்சியது அந்த முகம்.

"அரிசி வாணாம்மா" என்றாள் பானு வண்டியில் உட்கார்ந்தபடியே, தெருவுக்கே கேட்கிற மாதிரி. "பொண்டாட்டி வளத்த பூனைய சாக்குல கட்டியாந்து இங்க உட்டுட்டுப் போன ஆளு இவரு. வெள்ளைப் பூனை, நெத்தியில கறுப்பு. பாத்தீங்களான்னு கேக்க வந்துகீறாரு."

முறம் இறங்கியது. வாசல்களில் ஆட்கள் கூடினார்கள். யாரோ சிரித்தார்கள், யாரோ காறித் துப்பினார்கள். மசூதிப் பக்கம் ஒரு வெள்ளைப் பூனையைப் பார்த்ததாக ஒருத்தி சொன்னாள். அது ஆண் பூனை என்றாள் இன்னொருத்தி.

டில்லிபாபு வண்டிக்குத் திரும்பி வந்தான். நாமம் வியர்வையில் கரைந்து மூக்குக்கு வந்திருந்தது. "கேட்டாச்சு மே. இங்க இல்ல. போலாமா?"

"போலாம்." பானு எதிரே நீண்டு கிடந்த ஊரைக் காட்டினாள். "அடுத்த தெரு. இந்த வாட்டி சத்தமா."

டில்லிபாபு வாயைத் திறந்து கத்தினான்.